கூரை உயர்ந்த ஹெரால்டு

என் அக்கா சௌந்திரத்தைக் கட்டிக்கொண்ட சென்னியப்ப மச்சானுக்கு மோகனூரில் கரும்புக்காடு. உலகத்தில் அவருக்கு ஆசை என்று பார்த்தால் ஒரே ஒரு கார்தான். எழுபத்திரண்டில் பழசாக வாங்கிய சிவப்பு ஹெரால்டு. ரெண்டே கதவு, தாழ்ந்த கூரை, தரையோடு தரையாகப் படுத்த உடம்பு. நாமக்கல் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே அது புகுந்து போவதைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கும். மனுசன் தோள்துண்டால் அதைத் துடைத்துக்கொண்டே இருப்பார். அந்தத் துண்டால் அவர் தன் முகத்தைத் துடைத்து நான் பார்த்ததில்லை.

பத்து வருசம் போனது. அக்காவுக்கு முட்டிவலி வந்துவிட்டது. உட்கார்ந்தால் எழுவது பெரும்பாடு. அதுவும் அந்தப் பள்ளத்துச் சீட்டில் என்றால் கேட்கவே வேண்டாம். எடப்பாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, மண்டப வாசலில் அவளால் காரைவிட்டு இறங்க முடியவில்லை. யாரோ ரெண்டு பெண்கள் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள். மச்சான் அந்தப் பக்கம் நின்று பம்பரில் ஒட்டிய சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றோடு சரி.

“நீங்க உங்க சின்ன சம்சாரத்தோட வாங்க. நான் பஸ்ல வாரனுங்க” என்று சொல்லிவிட்டாள்.

சொன்னபடியே எந்த விசேஷத்துக்கும் பஸ்ஸில்தான் போனாள். பக்கத்துச் சீட்டு காலியாகக் கிடக்க, மச்சான் அந்தப் பஸ்ஸுக்குப் பின்னாலேயே காரை ஓட்டிக்கொண்டு போவார். பார்க்கச் சிரிப்பாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும்.

ஒருநாள் காரை நாமக்கல்லுக்கு, லாரிக்கு பாடி கட்டும் பொன்னனிடம் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன்.

“சீட்டை ஒசத்தோணும் பொன்னா. ஏறி எறங்க ஒரு கைப்பிடியும் வேணும்.”

“ஒசத்திரலாமுங்க. ஆனாத் தலை இடிக்கும். கூரையை அறுத்து ஒசத்துனாத்தான் ஆகும். காரோட அழகே போயிருமுங்களே?”

மச்சான் கூரையை ஒருதரம் தடவிப் பார்த்தார். “அறு” என்றார்.

பொன்னன் தனக்குத் தெரிந்ததைச் செய்தான். லாரியில் வைப்பது போல உருட்டுக்கம்பிக் கைப்பிடி வைத்து, சிவப்பு பெயிண்ட் அடித்தான். உயர்த்திய இடத்தில் நெற்றிப்பலகை. அதில் மஞ்சள் எழுத்தில் ‘முருகன் துணை’, ரெண்டு பக்கமும் தாமரைப்பூ. கார் கோழிக்கூண்டு மாதிரி ஆகிவிட்டது. ஊரே சிரித்தது.

வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் அக்கா பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், அழுதுவிட்டாள்.

“ஏனுங்க, அதைப் போயி இப்படிக் கெடுத்துப்போட்டீங்க? நாங் கூரையை ஒசத்தச் சொன்னனா? அன்னைக்கு மண்டபத்துல நீங்க வந்து கைகுடுத்திருந்தாப் போதுமுங்களே!”

மச்சான் காரைச் சுற்றி வந்து கதவைத் திறந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கையை நீட்டினார்.

அதற்கப்புறம் அக்கா பஸ் ஏறவில்லை. எங்கே போய் நின்றாலும், மச்சான் சுற்றி வந்து கைகொடுக்கும்வரை ராணி மாதிரி உட்கார்ந்திருப்பாள். வருசக்கணக்காக அந்தக் கார் ஓடியது. பொன்னன் வைத்த கைப்பிடியில் மட்டும் பெயிண்ட் ஓரிடத்தில்கூடத் தேயவில்லை.