அக்கா கையில் இருந்த செருப்பு

இரண்டு வருடங்களுக்கு முன், தை மாத ஞாயிறு ஒன்றில், மகளுக்கு மொட்டை போட குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தோம். என் கொள்ளுத்தாத்தாவின் ஊர் அது. அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

பிறந்து வளர்ந்ததெல்லாம் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில், கோரமண்டல் என்ற சுரங்கக் குடியிருப்பில். சுரங்கத்தை மூடிய பிறகு எங்கள் பக்கத்தில் பலரையும் போல நானும் தினமும் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்கு ஓடுகிறவன். ஆபீசில் யாராவது நேட்டிவ் எது என்று கேட்டால் கோலார் என்பேன். "தமிழ் பேசறீங்களே?" என்பார்கள். நாலு தலைமுறை ஆகியும் இந்தக் கேள்வி எங்களை விடுவதாயில்லை. அதனாலேயே கொள்ளுத்தாத்தா ஊர் மேல் எனக்குத் தீராத ஆசை. பஞ்சம் பிழைக்க வந்தவர் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அங்கேயே வேலை கிடைத்திருந்தால் நமக்கும் சொல்லிக்கொள்ள ஓர் ஊர் இருந்திருக்குமே என்று எத்தனையோ நாள் ரயிலில் உட்கார்ந்து ஏங்கியிருக்கிறேன்.

ஊரில் பங்காளி வழியில் ஓர் அக்கா இருக்கிறார். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்து, கறிச்சோறு போட்டு, மகளின் மொட்டைத் தலைக்குச் சந்தனமும் அவரே பூசினார். பஸ் ஏற்றிவிடக் கூடவே வந்தார். பெரிய தெருவுக்குள் நுழைந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. 'எங்க ஊர்' என்று ஸ்டேட்டஸ் வைக்கப் போட்டோ எடுத்துத் தள்ளினேன். அக்காவையும் கூப்பிடலாம் என்று திரும்பினால், வெறுங்காலோடு நிற்கிறார். செருப்பு கையில்.

"இன்னாக்கா, அறுந்துடுச்சா?"

"இல்ல தம்பி. இந்தத் தெருவுல நம்ம ஜனம் செருப்பு போட்டுன்னு நடக்கக் கூடாது, அந்தக் காலத்துல. இப்ப யாரும் கேக்கறதில்ல. எனுக்குத்தான் பழகிடுச்சு." பிறகு, ஏதோ தினமும் பேசுகிற விஷயம் மாதிரி சொன்னார். "உன் கொள்ளுத்தாத்தா போட்டுன்னு நடந்தாரு. கட்டி வச்சி அடிச்சாங்க. மறுநாளே தங்கவயலுக்குப் போய்ட்டாரு. உங்க வூட்ல சொல்லலியா?"

சொல்லவில்லை. பட்டினியை வெளியே சொல்ல முடிந்தவரால் அடியைச் சொல்ல முடியவில்லை போலிருக்கிறது.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை எனக்கு. போட்டுக்கொள்ளுங்கள் அக்கா என்று கெஞ்சினேன். "பஸ் ஸ்டாப்ல போட்டுக்கறேன், நீ நட" என்று சிரித்தார். முன்னால் என் மகள், மிதித்தால் கீச்சிடும் புதுச் செருப்பில், தெருவையே இரண்டாக்கிக்கொண்டு ஓடினாள். அக்கா அந்தக் கால்களையே பார்த்தபடி வந்தார்.

அந்த ஊரை நினைத்தால் இப்போதும் ஏக்கமாகத்தான் இருக்கிறது. செருப்போடு நடக்க விட்டிருந்தால் கொள்ளுத்தாத்தா கிளம்பியே இருக்க மாட்டாரே!