ஆணியில் சாய்ந்த பிளேடு

விஜயநகரில் இருக்கும் எங்கள் வீட்டுப் புல் வெட்டும் மெஷினில் எண்ணெய் கசிந்துகொண்டே இருந்தது. தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலை மாற்றினால் சில வாரம் நிற்கும், பிறகு தரையெல்லாம் கறுப்பாகச் சொட்டும். "புது சீல் போட்டாச்சு, பர்வாகில்லா சார்" என்று கன்னடம் கலந்து தேற்றுவார் மெக்கானிக். துடைத்துத் துடைத்து எனக்கு அலுத்துவிட்டது. புல் வெட்டி முடித்தால் கை மரத்துப்போகும். வயதாகிறது என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் மெஷின் தடதடவென்று அதிர, பயந்துபோய் அணைத்தேன். பிளக் வயரைக் கழற்றிவிட்டு அடியில் பார்த்தால், பிளேடைப் பிடித்திருக்கும் போல்ட் விரலாலேயே சுழன்றது. இன்னும் சற்று ஓட்டியிருந்தால் பிளேடு பறந்திருக்கும். எதிரே என் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

பிளேடைக் கழற்றி, அது மாட்டியிருந்த தண்டை ஆட்டினேன். பக்கவாட்டில் ஆடியது. அதைத் தாங்கும் பேரிங் தேய்ந்திருந்தது. தண்டு ஆடினால் எந்த சீல்தான் தாங்கும்?

"வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அருவாமணை, கத்தியோட இதையும் சாணை பிடிக்கக் குடுக்கறீங்களே, அதுல ஏதாவது ஆச்சாங்க?" என்றாள் மனைவி.

பிளேடின் நடு ஓட்டையைச் சுவரிலிருந்த ஆணியில் மாட்டினேன். ஒரு முனை சட்டென்று கீழே இறங்கியது. மறு முனையையே அதிகம் தேய்த்திருக்கிறார்கள். எடை ஒருபக்கமானதால் வந்த அதிர்வுதான் போல்ட்டைத் தளர்த்தி, பேரிங்கையும் தின்றிருக்கிறது.

பேரிங்கை மாற்றினோம். இப்போதெல்லாம் சாணை பிடித்து வந்ததும் பிளேடை ஆணியில் மாட்டிப் பார்க்கிறேன். சாயும் முனையை அரத்தால் தேய்த்துச் சமமாக்கிய பிறகுதான் குங்குமம் வைக்கிறேன். கை மரப்பதும் நின்றுவிட்டது. பாவம், வயதின்மேல் பழி போட்டிருந்தேன்.