பழைய ஆஸ்பத்திரியின் முன்வாசல்

"இது ஆஸ்பத்திரி இல்லைன்னா, எதுக்கு இப்படிப் பளபளன்னு வெச்சிருக்கீங்க?"

அந்த அக்கா என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அவருடைய அப்பா வாய் ஒரு பக்கம் கோணிப்போய் ஆட்டோவில் சாய்ந்திருந்தார். பதில் சொல்ல வேண்டியவர் என் பெரியப்பா. அவர் தலை குனிந்து நின்றார்.

பெரியப்பா அந்தப் பழைய ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளியவர். கல் தூண்களும் ஆள் உயரத்துக்கு மேல் ஜன்னல்களும் வைத்து, எங்கள் தாத்தா பிறப்பதற்கு முன்பே கட்டிய கட்டடம் அது. ஊருக்கு வெளியே புது ஆஸ்பத்திரி வந்ததும் கட்டில் முதல் சுவர்க் கடிகாரம் வரை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பெரியப்பாவை மட்டும் காவலுக்கு விட்டுவிட்டார்கள். அதன் பிறகு ஒவ்வொரு மழைக்கும் கூரை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விழுந்தது. வார்டுக்குள் மரம் முளைத்தது.

ஒருநாள் ஒரு பெண், "நான் இங்கதான்டா பொறந்தேன்" என்று மகனுக்குக் காட்டிக்கொண்டே வந்தார். படியில் கிடந்த அசிங்கத்தைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார். பெரியப்பாவை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனாலும் நாலு பேர் நடுவில் உடுத்திய துணி அவிழ்ந்தவரைப் போல அவர் கூசிப்போனார்.

மறுநாளே துடைப்பத்தை எடுத்தார். இடிந்த உள்பக்கத்தை அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் ரோட்டிலிருந்து கண்ணில் படுகிற இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். படிகளைத் தேய்த்துக் கழுவினார். முன்கதவுக்கு எண்ணெய் பூசினார். வாசல் வளைவில் இருந்த 'ஆஸ்பத்திரி' என்ற எழுத்துகளுக்கு நீலப் பெயின்ட் அடித்தார். பகலில் கேட்டைத் திறந்தே வைத்தார். சாத்தி வைத்தால் செத்த வீடு மாதிரி இருக்கிறதாம்.

"நம்ம வீட்டுக் கூரை ஒழுகுது. இவரு அங்க போய்ப் படியைத் தேய்க்கிறாரு" என்பார் பெரியம்மா.

எதிரே இருந்த டீக்கடைக்காரர் அவரை 'டீன் சார்' என்றுதான் கூப்பிடுவார். "டீன் சார், இன்னிக்கு எத்தனை ஆபரேஷன்?"

"உன் வாய்க்கு ஒண்ணு பாக்கி இருக்கு, வா" என்பார் பெரியப்பா. அவருக்கு அந்தக் கிண்டலில் உள்ளூரச் சந்தோஷம்தான்.

நான் பள்ளியை முடித்திருந்தேன். "அடுத்து என்ன?" என்று கேட்பவர்களிடமிருந்து தப்பிக்க அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். அந்த அக்கா வந்த அன்று மதியம் நாங்கள் இருவரும் பின்பக்கக் குழாயடியில் இருந்தோம். ஆட்டோ சத்தம் கேட்டு முன்னால் வருவதற்குள், அந்த அக்காவும் டிரைவரும் பெரியவரைத் தூக்கிக்கொண்டு படியேறி, கதவைத் தள்ளி உள்ளே போய்விட்டார்கள்.

உள்ளே கூரை இல்லை. நடுக் கூடத்தில் வெயில் அடித்தது. புறாக்கள் எழுந்து பறந்தன. இடிந்த செங்கல் குவியலுக்கு முன்னால் அப்பாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அந்த அக்கா, "டாக்டர், டாக்டர்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பெரியப்பா ஓடிப்போய்ப் பெரியவரை வாங்கிக்கொண்டார். திரும்பவும் படியிறக்கி ஆட்டோவில் ஏற்றினோம். அவர்கள் வெளியூர். டிரைவரும் ஊருக்குப் புதியவர். பேரையும் திறந்த கேட்டையும் பார்த்துத் திருப்பியிருக்கிறார். அப்போதுதான் அந்த அக்கா அப்படிக் கேட்டார்.

"ஏறும்மா, வழி காட்டுறேன்" என்று பெரியப்பா டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டார். நான் சைக்கிளில் பின்னால் போனேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது புது ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டுக்கொண்டிருந்தார்: "இவ்வளவு நேரம் எங்க சுத்திட்டு வரீங்க?"

பெரியப்பாதான் சொன்னார்: "என்னாலதாம்மா லேட்டு."

"நீங்க யாரு, சொந்தமா?"

"இல்ல. பழைய ஆஸ்பத்திரி வாட்ச்மேன்."

நர்ஸுக்கு அது புரியவில்லை. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

பெரியவர் பிழைத்துக்கொண்டார். வலது கைக்குத்தான் அசைவு திரும்பவில்லை. அந்தத் தாமதத்தாலா என்று டாக்டர் யாரும் சொல்லவில்லை. கேட்கிற தைரியம் பெரியப்பாவுக்கு வரவில்லை.

மூடிவிட்டது என்று ஒரு போர்டு வைக்கச் சொல்லி ஆபீஸில் போய்க் கேட்டார். "மேல கேட்டுச் சொல்றோம்" என்றார்கள். அவர் காத்திருக்கவில்லை. ஏணியை எடுத்துவந்து, தான் நீலம் அடித்த எழுத்துகள் மேல் தாரைப் பூச ஆரம்பித்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

"கேட்டைப் பூட்டினா போதாதா பெரியப்பா?"

"பேரு இருந்தா, தொறப்பாங்கன்னு நின்னு தட்டுவாங்க."

டீக்கடைக்காரர் ரோட்டைத் தாண்டி வந்து பார்த்தார். "என்ன டீன் சார், நீங்களே உங்க மூஞ்சில கரியைப் பூசிட்டீங்க?"

"முன்னாடியே பூசியிருக்கணும்" என்றார் பெரியப்பா. அன்று பதிலுக்குக் கிண்டல் இல்லை.

இப்போது அவர் படியைப் பெருக்குவதில்லை. பூட்டிய கேட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காருகிறார். பேரை அழித்தும் ஆட்கள் வருவது நிற்கவில்லை. தூரத்து ஊர்களில் இன்னும் இந்த இடத்தைச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். வண்டி வேகத்தைக் குறைத்தாலே எழுந்து, "மூடியாச்சுங்க, நேரா புதுசுக்குப் போங்க" என்கிறார். சொல்லும்போது இன்னும் அவர்களுடைய முகத்தைப் பார்ப்பதில்லை.

இதையெல்லாம் எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "எழுது. ஆனா என்னை நல்லவன்னு எழுதாத" என்றார்.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு வருபவர்களுக்குச் சொல்ல அங்கே ஆள் இல்லை. அதனால் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும், வண்டி ஓட்டுகிறவர்களிடமும், வெளியூர்ச் சொந்தக்காரர்களிடமும் சொல்லுங்கள்: வளைவு வைத்த பழைய கட்டடத்தில் டாக்டர் இல்லை. பெரியப்பா கதையோடு சேர்த்தே சொல்லுங்கள். வெறும் தகவல் என்றால் மறந்துவிடுவார்கள்.