கேதம் தவறாத தலைவர்

எங்கள் ஊர்த் தலைவரை எனக்குப் பிடிக்காது. கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் நாங்கள் எல்லோரும் தறி ஓட்டிப் பிழைக்கிறவர்கள். அவரும் அப்படித்தான் இருந்தார். அரசியலுக்கு வந்தபின் அவர் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை கேதத்துக்குப் போனது. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் மாலையோடு வந்துவிடுவார். வீட்டுக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்வார், பிளாஸ்டிக் நாற்காலியில் பத்து நிமிடம் தரையைப் பார்த்து உட்காருவார், போய்விடுவார். மொபெட்டில் வந்த காலத்தில் அவர் வார்டு மெம்பர். காரில் வரத் தொடங்கியபோது பஞ்சாயத்துத் தலைவர். இதற்குள் மூன்று கட்சி மாறிவிட்டார். மாலை வாங்கும் கடையை மட்டும் மாற்றவில்லை.

எங்கள் பக்கம் கேதத்துக்கு வந்தவர் ஜென்மப் பகையாளியாக இருந்தாலும் முகம் சுளிக்க மாட்டோம், நியாயம் கேட்க மாட்டோம். ஓட்டுக்கு வந்தால் நாலு கேள்வி விழும் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் சாவு வீடுகளைப் பிடித்துக்கொண்டார் என்பது என் முடிவு.

கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சுடுகாட்டுக்குப் போகும் இட்டேரி, இரண்டு வேலிகளுக்கு நடுவே ஒரு வண்டி போகிற அகலம். மழை பெய்தால் முழங்கால் வரை சேறு. அப்பாவைத் தூக்கிப் போனபோது எல்லோருக்கும் கால் வழுக்கி, பாடையைச் சேற்றிலேயே இறக்கிவிட்டார்கள். அது அம்மாவின் காதுக்கு வந்துவிட்டது. காரியத்தன்று தலைவர் வந்தபோது, வழக்கத்தை மீறி அம்மாவே கேட்டார்.

"ஏனுங்க, அந்தத் தடத்துக்கு ஒரு வழி பண்ணக் கூடாதுங்களா?"

"அடுத்த மழைக்குள்ள தார் போட்டுத் தாரனுங்கம்மா."

அதன்பின் ஐந்து மழைக்காலம் போனது. தார் வரவில்லை. படுக்கையில் விழுந்த அம்மா என்னிடம் கேட்டது இதைத்தான்: "என்னையாச்சும் சேத்துல எறக்காம கொண்டுபோயிருங்க கண்ணு." சரிம்மா என்று வாக்குக் கொடுத்தேன்.

அம்மா இறந்தது ஐப்பசியில். இரண்டு நாளாக விடாத மழை. தேர்தலுக்கு ஒரு மாதம் இருந்தது; தலைவர் இந்த முறை ஒன்றியத்துக்கு நின்றார். மாலையைப் போட்டுவிட்டு என் கைகளைப் பிடித்தார். எனக்கு அந்தத் தார் ஞாபகம் வந்தது. திட்டத்தான் வாய் வரவில்லை, வளர்ந்த விதம் அப்படி. சரி, மரியாதையாகவே பழிவாங்கலாம் என்று, பாடையை எடுக்கும்போது எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்கண்ணா, நீங்களும் ஒரு தோள் குடுங்க."

அந்த வெள்ளை வேட்டி சேறாகட்டும், ஊர் பார்க்க மனிதர் கூனிக் குறுகட்டும் என்று நினைத்தேன். அவரோ உடனே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோளைக் கொடுத்தார். நான் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தேன். இட்டேரிக்குள் பத்தடி போயிருப்போம். பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினேன். தலைவர் தோளை உருவிக்கொண்டு காரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். அவர் விட்ட இடத்தில் வேறு ஆள் வருவதற்குள் பாரம் சரிந்து, அம்மாவைச் சேற்றில் இறக்கியிருந்தார்கள்.

அந்தப் பத்தடியை அவருடைய டிரைவர் போனில் படம் பிடித்திருந்தார். மறுவாரமே இட்டேரி முகப்பில் பேனர் கட்டினார்கள். சேற்றில் தலைவர், தோளில் மூங்கில், மேலே 'மக்களோடு மக்களாக'. அம்மா முகத்தை வெட்டி எடுத்திருந்தார்கள். நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்தப் படத்துக்கு ஆளைக் கூப்பிட்டுக் கொடுத்தவன் நான்.

போன மாதம் என் சித்தப்பா இறந்தார். தடம் அப்படியேதான் கிடக்கிறது, மழையும் பெய்துகொண்டிருந்தது. பாடை கட்டி முடிப்பதற்குள் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னிடமே வந்தார்.

"தம்பி, நானும் ஒரு தோள் குடுக்கட்டுங்களா?"

டிரைவர் போனோடு தயாராக நின்றார். தொண்டை வரை ஒரு கெட்ட வார்த்தை வந்தது.

"வாங்கண்ணா" என்று சொல்லி, விலகி இடம் விட்டேன்.