சுல்மிராவின் ஒரே குளியல்

எங்கள் புலித்தீவில் புலியும் கிடையாது, புல்லும் கிடையாது. மணல், மீன், சுல்மிராவின் ஒற்றைத் தக்காளிச் செடி, அவ்வளவுதான். கரையிலிருந்து வந்த குழாயைக் கடல் அறுத்துக்கொண்டு போன பிறகு குடிநீர் படகில் வந்தது, வீட்டுக்கு ஒரு பீப்பாய். சுல்மிரா அரிசி களைந்த தண்ணீரில் முகம் கழுவுவாள். அதையும் சிந்தாமல் செடிக்கு ஊற்றுவாள். மீன் காயவைப்பது அவள் பிழைப்பு. வாய் மட்டும் ஊருக்கே பெரியது.

தண்ணீர்ப் படகுக்காரர் பெல்மீரோ வாராவாரம் அவள் பீப்பாயில் ஒரு குவளை கூடுதலாக ஊற்றிவிட்டு, “கட்டிக்கிறியா?” என்பார்.

“தலையோட குளிக்கத் தண்ணி கெடைக்கிற அன்னைக்குக் கேளு. மீன் நாத்தத்தோட கோயில்ல வந்து நிக்க மாட்டேன்.”

மனுஷனுக்குத் தலை நரைத்ததுதான் மிச்சம்.

நாட்டில் சண்டை மூண்டது. இனிமேல் தண்ணீர் வராது, எல்லாரும் கரைக்கு வாருங்கள் என்று உத்தரவு. கடைசிப் படகில் பிள்ளைகளோடும் கோழிகளோடும் நான் வெயிலில் வெந்துகொண்டிருந்தேன். சுல்மிராவோ ஊரார் விட்டுப்போன பீப்பாய்களில் மிஞ்சியதையெல்லாம் மொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“காத்து மாறுது, வந்து தொலைக்கா” என்று கத்தினேன்.

“இத்தனை வருஷத்து அழுக்குடி. பொறு.”

படகோட்ட வேண்டிய பெல்மீரோவையும் காணோம். எரிச்சல் வராதா எனக்கு?

ஒருவழியாக ஈரத் தலையோடு வந்தாள். கையில் ஒரு வாளி, குளித்த தண்ணீர். ஊரே காலி, அதைக் கொட்ட மனசு வரவில்லை அவளுக்கு.

“செடிக்கு ஊத்தப் போனா வெறும் குழிதான் இருக்கு. எந்தப் பாவி புடுங்கினானோ” என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. சுல்மிரா அழுது நான் பார்த்ததே இல்லை.

பெல்மீரோ பீப்பாய்களுக்குப் பின்னாலிருந்து வந்தார். கையில் எண்ணெய் டின், அதில் வேரும் மண்ணுமாகத் தக்காளிச் செடி.

“கரையில நட்டுக்கலாம்னு...” என்று இழுத்தார்.

அவள் வாளியைச் செடியில் சாய்த்தாள்.

“ஐயோ அக்கா, சோப்புத் தண்ணி. செத்துரும்.”

“சோப்பு போடலடி. செடிக்கு ஆகாது.”

“அப்போ நாத்தம்?” என்று வாயை விட்டேன்.

சுல்மிரா பெல்மீரோவைப் பார்த்தாள். “யோவ், கோயில்ல மூக்கைப் பொத்திக்கிட்டு நிப்பியா?”

“இத்தனை வருஷமா பொத்தினேனா?”

“அப்போ படகை எடு.”