பதினேழு வரை வகுத்த எண்

மேம்பாலத்தில் பஸ் பிரேக் அடித்தபோது எழுந்த காந்தல் நாற்றத்தில், பாலம் வருவதற்கு முன்பு அங்கிருந்த ரயில்வே கேட் ஞாபகம் வந்தது. கேட் மூடினால் பூக்கூடைகளும் சைக்கிள் மணிகளுமாகச் சாலை அடைந்து கிடக்கும். ஒருநாள் எதிரே நின்றுவிட்ட சரக்குப் பெட்டியின் எண்ணை, 510511, அக்காவும் நானும் புழுதியில் குச்சியால் எழுதி, இரண்டு, மூன்று, ஐந்து என்று பகா எண்களால் வரிசையாக வகுத்துக்கொண்டே போனோம். ஒவ்வொரு முறையும் மீதி ஒன்று. பதினேழை முடித்ததும் வண்டி நகர்ந்தது, கேட் திறந்துவிட்டது.

“எதுலயும் வகுபடலடி. இதுவும் பகா எண்தான்” என்றாள் அக்கா.

இன்று பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அதே எண்ணைத் தட்டித்தான் செல்போனைத் திறந்தாள். நான் என் செல்போனில் அதைப் பத்தொன்பதால் வகுத்தேன். மீதியே இல்லை.

“என்னடி கணக்கு?”

“ஒண்ணுமில்லக்கா.”