காத்திருந்த நாலு நாள்

தையல்காரனை நண்பர்கள் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளும் அப்படித்தான் இருப்பான். ஆனால் வேலையில் அவனை அடிச்சிக்க ஆள் கிடையாது. எந்த அளவையும் மூன்று தடவை எடுப்பான். அவனும், நண்பர்களான பஸ் டிரைவரும் கணக்கு வாத்தியாரும் கிளம்பிய முப்பத்தெட்டு நாள் மலை நடைக்கு மூவரின் முதுகுப் பைகளையும் அவனே தைத்தான். கல்லிலும் மழையிலும் ஒரு நூல்கூட விடவில்லை.

பதினாறாம் நாள், சரளைக்கல் இறக்கத்தில் அவன் கால் வழுக்கி முழங்கால் மடங்கியது. டிரைவரும் வாத்தியாரும் கைத்தாங்கலாக அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். தசைநார் அறுந்திருக்கிறது, ஆபரேஷன் வேண்டும், இந்த வருஷம் மலையை மறந்துவிடு என்று டாக்டர் அவனிடம் தனியாகச் சொன்னார்.

ஒருவர் நின்றால் மூவரும் நிற்பது என்று கிளம்பும்போதே பேசி வைத்திருந்தார்கள். டிரைவர் இந்த நடைக்காக நாலு வருஷம் லீவு சேர்த்தவர். அதைப் பாழாக்க ஊசிக்கு மனசு வரவில்லை.

"சுளுக்குதான்டா," என்றான் வெளியே வந்து. "நீங்க நடங்க. நான் பஸ் பிடிச்சு வந்து, கணவாய்க்குக் கீழ இருக்கிற குடில்ல சேந்துக்கறேன்."

வாத்தியார் முகத்தையே பார்த்தார். "பொய் சொன்னா உனக்கு மூக்கு வேர்க்கும். இப்ப வேர்க்குது."

"வலிடா, வாத்தி."

போனார்கள். அவர்கள் திரும்ப முடியாத தூரம் போனதும் போனில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்பது அவன் கணக்கு. மேலே சிக்னல் உண்டா என்று மட்டும் பார்க்கவில்லை. ஆபரேஷன் முடிந்து எழுதி அனுப்பிய செய்தி ஒற்றை டிக்கோடு நின்றது. மறுநாளும் அதே ஒற்றை டிக். அக்கா வந்து அவனைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போன பிறகும் அப்படியே கிடந்தது.

குடிலில் அவர்கள் நாலு நாள் காத்திருந்தார்கள். ஐந்தாம் நாள் பனி விழுந்து கணவாய் அடைபட்டது. அடுத்த கோடைவரை அந்தப் பக்கம் யாரும் தாண்ட முடியாது.

இறங்கி வந்து செய்தியைப் பார்த்த பின், டிரைவர் மட்டும் அக்கா வீட்டுக்குப் பார்க்க வந்தார். தாடியோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அக்கா கொடுத்த தண்ணீரை மெதுவாகக் குடித்தார். வாத்தியாரைப் பற்றி ஊசி கேட்டான். இருவருக்கும் இப்போது பேச்சு இல்லையாம்.

"அவன் முதல் நாளே சொன்னான்டா, ஊசி வரமாட்டான், போயிடலாம்னு. நான்தான் சண்டை போட்டு நிறுத்தி வச்சேன். ஊசி வர்றேன்னு சொன்னா வருவான்னு."

டிரைவர் எழுந்தார். வழியனுப்பவாவது ஊசி எழுந்திருக்கப் பார்த்தான். டிரைவர் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, கதவைத் தானே சாத்திக்கொண்டு போனார்.